ரயில் ஓடாத பாதையில் ஒரு ரைஸ் குக்கர்

நான் ஸ்பெயினுக்குப் போனது ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்ப்பதற்காக. எங்கள் கம்பெனி டெக்சாஸுக்கு வாங்கவிருந்த அது, மத்ரித்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கு நின்றது. சோதனை நடக்கும்போது வாங்குபவர் தரப்பில் இரண்டு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருவன் நான், இன்னொருவன் அருள். ஐந்து நாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றோம். தேறிவிட்டது. கையில் நான்கு நாள் லீவு மிச்சம் இருந்தது. காரே வராத ஒரு சரளைப் பாதை இருக்கிறது, சைக்கிளில் போவோம் என்பது அருளின் யோசனை.

அருள் தூத்துக்குடி, நான் மேலப்பாளையம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எலெக்ட்ரிகல் படித்தோம். இப்போது ஹூஸ்டன் பக்கத்தில் சுகர் லேண்டில் நாலு தெரு தள்ளித் தள்ளி வீடு. ஒரே காரில் ஆபீஸ் போவோம். வேலைக்கு முதல் விண்ணப்பம் எழுதிய நாளிலிருந்து அருள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான்: முக்கியமான கடிதம் எதுவானாலும் நான் ஒருமுறை படித்த பிறகுதான் அனுப்புவான். "இங்கிலீஷ் பாத்துரு மக்கா" என்பான். அவன் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசமில்லை. ஆனாலும் நான் பார்க்க வேண்டும்.

ஆபீஸில் நான் அவனுக்கு மேனேஜர். அது 2002. ஹூஸ்டனில் பெரிய கம்பெனி ஒன்று கவிழ்ந்த அடுத்த வருடம். மின்சாரத் தொழிலில் எல்லாக் கம்பெனிகளும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, என் கீழே இருந்த ஆறு பேரில் வேலையை விட்டு நிறுத்த ஒருவர் பெயரைக் கேட்டார். நான் அருள் பெயரைக் கொடுத்தேன்.

காரணங்களை அப்போது வரிசையாக வைத்திருந்தேன். ஒருவன் மனைவி மாசமாக இருந்தாள், ஒருவருக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம், இப்படி. அருள் கெட்டிக்காரன், எங்கே போட்டாலும் முளைத்துவிடுவான். ஆனால் உண்மையான காரணம் வேறு. ஊர்க்காரனைக் காப்பாற்றினான் என்று யாரும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. பெயரைக் கொடுத்த கையோடு, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் ஊர் திரும்பும் திங்கட்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

இவ்வளவும் என் வயிற்றில் இருக்க, விமானம் மேலே கிளம்பியதும் அருள் சொன்னான்: டெக்சாஸிலேயே பிளானோவில் ஒரு கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது; அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். "போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தேன்.

*

செவ்வாய்க்கிழமை காலையில் வாடகை சைக்கிள்காரர் எங்களை ஒரு வேனில் கொண்டுபோய் விட்டார். இடம், வெட்டவெளியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன். கூரை இல்லை, கதவு இல்லை, பிளாட்பாரத்தில் முள்செடி. இந்தப் பாதையில் ரயில் ஓடியதே இல்லை என்றார் அவர். பல வருஷம் மலையைக் குடைந்து, பாலம் போட்டு, ஸ்டேஷனெல்லாம் கட்டி முடித்துவிட்டு, ரயிலை விடாமலே விட்டுவிட்டார்களாம். பிறகு யாருக்கோ புத்தி வந்து சரளைக்கல் கொட்டி சைக்கிள் பாதை ஆக்கினார்கள். அருள் அதைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊரு கவர்மெண்ட மட்டும் திட்டுதோம்" என்றான்.

சுகர் லேண்டில் மேடு என்றால் ப்ரீவே பாலம்தான். சனிக்கிழமைகளில் குடியிருப்புக்குள்ளே ஏரியைச் சுற்றிச் சுற்றி நாங்கள் எடுத்த பயிற்சி, தட்டையான டெக்சாஸுக்குச் சரி. இங்கே பாதை மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்து கிடையாது, ஆனால் விடாது. மாமியார் பேச்சு மாதிரி என்று நான் சொன்னேன். அருள் சிரித்ததில் சைக்கிள் ஆடியது.

இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். காடு என்று சொல்ல முடியாது; ஒவ்வொரு மரமும் அடுத்ததோடு சண்டை போட்டதுபோல் தள்ளி நிற்கும். நடுவில் காய்ந்த புல். குடை விரித்த அளவுக்கு நிழல். டயரின் கீழே சரளை நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் எதிரே வந்தது ஒரே ஒரு நாய்.

"மக்கா, ஒரு கார் இல்ல பாத்தியா? நம்ம ஊர்ல இந்நேரம் ஃபிப்டி நைன் ப்ரீவேல பம்பர் டு பம்பர் நிப்போம்."

சுகர் லேண்டை அவன் நம்ம ஊர் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ப்ரீவேயில் என்றால் ரேடியோவில் டிராபிக் செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பேச்சை மாற்றியிருப்பேன். இங்கே வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் முதல் சுரங்கம் வந்தது. வாசலில் ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும் என்று படம் போட்டிருந்தது. அழுத்தினோம், எரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு நடந்தோம். தலைக்கு மேலே தண்ணீர் சொட்டியது. முகம் தெரியாத இடம் இதுதான், இங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அருள், அந்த பிளானோ ஆபர்..."

"அத விடு. வேண்டாம்னு டிசைட் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை எங்கயாவது நெட் இருந்தா மெயில் அனுப்பிருவோம். எழுதி வச்சாச்சு, நீ இங்கிலீஷ் மட்டும் பாத்துரு."

"ஏன் வேண்டாம்? நல்ல கம்பெனிதான?"

"நல்ல கம்பெனிதான். ஆனா கம்பெனி மாறுனா கிரீன் கார்டுக்கு முதல்ல இருந்து அப்ளை பண்ணணும். மூணு வருஷமா கியூல நின்னது போச்சு. லே ஆஃப் அது இதுன்னு வந்தாலும் நீ இருக்கல்ல. ஒரு வார்த்த சொல்லாமயா விட்டுருவ?"

அவன் இருப்பது எச்-ஒன் விசாவில். வேலை போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவன் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபோது, கண் கூசுவதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

*

சாப்பாட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில், அதுவும் இந்த ஓக் காட்டில், பன்றிதான் ராஜா. ஓக் கொட்டையைத் தின்று வளர்ந்த கறுப்புப் பன்றியின் தொடையை உப்பில் ஊறவைத்து, ஹோட்டல் உத்தரத்தில் வாழைத்தார் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். மதியம் ஒரு கிராமத்துக் கடையில் பருப்பு சூப் கேட்டேன். உள்ளே பன்றித் துண்டு. பீன்ஸ் கேட்டேன். மேலே பன்றித் துண்டு. அருள், டெக்சாஸ் சப்ஸ்டேஷன்களில் மெக்சிகோக்காரர்களோடு வேலை செய்து கற்ற ஸ்பானிஷில், "இவருக்கு இறைச்சி வேண்டாம்" என்று அழுத்திச் சொன்னான். கடைக்காரர் புரிந்துகொண்டு தலையாட்டி, சாலட் கொண்டுவந்தார். அதன்மேலும் பன்றித் துண்டு.

"இது இறைச்சி இல்லை, ஹாம்" என்றார் பொறுமையாக.

கடைசியில் உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் வந்து நின்றேன். நான்கு நாளும் அதுதான். அருளுக்கு மாதா கோயில் பக்கமிருந்து எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவனும் ஆம்லெட்டே தின்றான். கல்லூரி நாளிலிருந்து இப்படித்தான். நீ சாப்பிடு என்றால், "உன் முன்னால தின்னா எனக்கு எறங்காது" என்பான். அன்றைக்கும் அதையே சொன்னான்.

இது தெரிந்துதான் என் மனைவி ரஹ்மத் மூன்று கப் ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தாள். "பன்னி நாட்டுக்குப் போறீங்க. வெளிய எதையாவது தின்னு தொலைக்காம, சோறு பொங்கிச் சாப்பிடுங்க." கூடவே பொன்னி அரிசி, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய்.

அன்று சாயங்காலம் தங்கிய கிராமத்தில், கீழே மதுக்கடை, மேலே அறைகள். பிலார் என்ற அம்மாள் நடத்துகிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குரலுக்கு மைக் வேண்டாம். கீழே ஊர் ஆண்கள் அத்தனை பேரும் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அரிசியைக் களைந்து குக்கரில் போட்டேன். சுவரில் உருண்டைக் கால் பிளக் பாயிண்ட். அதைப் பார்த்ததும் மேலப்பாளையத்துக்கே வந்துவிட்ட நினைப்பு. அடாப்டரை மாட்டினேன், சொருகினேன், சுவிட்சை அழுத்தினேன்.

நீல வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றம். விளக்கு அணைந்தது. கீழே டிவி அணைந்தது. பிறகு முப்பது ஆண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். யாரோ கோல் போடப் போகும் நேரமாம்.

அமெரிக்கக் குக்கர் நூற்றிருபது வோல்ட். ஸ்பெயினில், நம் ஊரைப் போலவே, இருநூற்று முப்பது. அடாப்டர் பிளக்கின் காலை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இதை நாங்கள் கல்லூரியில் படித்தோம். அதை வைத்துத்தான் இவ்வளவு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறோம். போதாததற்கு, ஐந்து நாள் ஒரு டிரான்ஸ்பார்மரின் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். அருள் கட்டிலில் விழுந்து, சத்தம் வெளியே போகாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

மாடிப்படியில் பிலாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. நான் கருகிய பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். அருள் எழுந்து கதவைத் திறந்து, மெழுகுவத்தியோடு நின்ற அம்மாளிடம், "தப்பு என்னுடையது. நான்தான் சொருகினேன். இவர் வேண்டாம் என்றார்" என்று சொன்னான். அவர் அவனை ஐந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

"ஏம்ல அப்படிச் சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"நீ மேனேஜர். உன் மானம் போவலாமா?"

ஃப்யூஸை அவனே இறங்கிப்போய்ப் போட்டுக் கொடுத்தான். டிவி வந்தது. பிலாருக்குக் கோபம் இறங்கி, எங்கள் ஊறின அரிசியை வாங்கிப் போய், ஆலிவ் எண்ணெயில் பூண்டு தாளித்துச் சோறாக்கி எடுத்து வந்தார். நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு நுனி நக்கிப் பார்த்துவிட்டு, "இது மருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

செத்த குக்கரைக் குப்பையில் போடப் போனேன். "சவத்தத் தூக்கிப் போட்டுருதேன், இனி இது எதுக்கு?" என்றேன்.

"போடாத" என்றான் அருள். "ரஹ்மத் மைனி ஊர்ல இருந்து வந்தவுடனே ஆசையா வாங்குனது. ஹீட்டிங் காயில் மாத்துனா ஓடும். நான் சரி பண்ணித் தாரேன்." அதை வாங்கித் தன் சைக்கிள் பைக்குள் வைத்துக்கொண்டான்.

*

புதன்கிழமை கார்க் மரங்கள் வந்தன. அதுவும் ஒரு ஓக்தான்; பட்டையை உரித்தால் கார்க். உரித்த மரங்கள் இடுப்புக்குக் கீழே செக்கச் செவேலென்று, வேட்டி அவிழ்ந்த ஆள்போல் நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். ஒரு ஆட்டுக்காரர் மரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அது என்ன எண் என்று அருள் கேட்டான். பட்டை உரித்த வருஷத்தின் கடைசி எண்ணாம். இரண்டு என்றால் இந்த வருஷம். திரும்பப் பட்டை வளர ஒன்பது வருஷம், அதுவரை தொடக்கூடாது.

"ஒன்பது வருஷமா? இந்தியாக்காரன் கிரீன் கார்டு கியூதான் இது" என்றான் அருள் என்னிடம். ஆட்டுக்காரருக்கும் ஏதோ மொழிபெயர்த்துச் சொன்னான். அவர், "அவசரப்பட்டு உரித்தால் மரம் செத்துப்போகும்" என்று மட்டும் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்புப் பன்றிகள் ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டு எங்களோடு கூடவே நடந்தன. சாப்பிடத்தான் கூடாதே தவிர, பார்க்க மரியாதையான ஜென்மங்கள். எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தன.

மதியம் எனக்கு டயர் பஞ்சர். முள். அருள் ஒட்ட உட்கார்ந்தான், நான் தொழ நின்றேன். மேலப்பாளையத்தில் மேற்கே பார்த்துத் தொழுவோம். சுகர் லேண்டில் வடகிழக்கு. இங்கே கிழக்கு. அருள் தன் கையிலிருந்த சின்னத் திசைகாட்டியைப் பார்த்து, "அந்தப் பெரிய மரத்தப் பாத்து நில்லு" என்றான். நின்றேன். பன்றிகள் அந்த மரத்தடியில் இல்லை என்று பார்த்தும் சொன்னான்.

தொழுது முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்போம். அதைக் காப்பது கடமை. கம்பெனி என்னிடம் ஒப்படைத்த ரகசியம் அமானிதம்தான், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதோ முழங்காலிட்டு என் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுகிறவன் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காமல் தன்னை ஒப்படைத்திருக்கிறான். இதில் எது பெரிது என்று கேட்க மார்க்கம் படித்த ஆலிம் தேவையில்லை. எனக்குத் தெரிந்தே இருந்தது. பயம்தான். விஷயம் கசிந்தது தெரிந்தால் என் வேலையும் போகும். அதைவிட, பெயரைக் கொடுத்தது யார் என்று அவன் கேட்பான்.

"ரெடி மக்கா" என்று டயரைத் தட்டினான் அருள்.

*

வியாழக்கிழமை ரயில் பாதை முடிந்து, மலையேறும் வண்டித்தடம் ஆரம்பித்தது. பெரிய மடாலயம் உள்ள ஊர் ஒன்று மலைக்கு மேலே இருக்கிறது. அங்கே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி கிரீன் கார்டு கேட்கப் போவதாக அருள் முதல் நாளே சொல்லிவிட்டான். ரயில்காரர்கள் வைத்த மேடு எவ்வளவு கருணையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளினோம். என் சைக்கிள் செயின் அறுந்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வராது. தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் இணைத்த வண்டியில் பதினைந்து ஆடு. டிராக்டர்காரர் எங்களையும் சைக்கிள்களையும் ஆடுகளோடு ஏற்றிக்கொண்டார்.

"அவர் உங்கள் அண்ணனா?" என்று என்னைக் காட்டி அருளிடம் கேட்டார்.

"என் முதலாளி. ஆனால் நல்லவர்."

டிராக்டர்காரர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். "நல்ல முதலாளியா? என் அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை" என்றார். அருள் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு ஆடு என் சட்டை நுனியைத் தின்றுகொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை.

செயினை மாற்றித் தந்தது அவருடைய மச்சான். அன்று இரவுச் சாப்பாடு, சொல்ல வேண்டியதில்லை, ஆம்லெட்.

*

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மடாலய ஊருக்கு வந்து சேர்ந்தோம். நூலகத்தில் இன்டர்நெட் இருக்கிறது, இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள் என்றார்கள். "மொதல்ல மெயில், அப்புறம் மாதா" என்று அருள் படி ஏறினான்.

இரண்டு கம்ப்யூட்டர், காலியாக இருந்தன. நூலகப் பெண் கடிகாரத்தைக் காட்டி விரலை ஆட்டினார். அருள் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்து ஒரு விரலால் தட்டி முடித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எனக்கு இடம் விட்டான்.

"இங்கிலீஷ் பாத்துரு மக்கா."

படித்தேன். வாய்ப்புக்கு நன்றி. தற்போதைய நிறுவனத்தில் எனக்கு உறுதியான இடம் இருப்பதால் வர இயலவில்லை. மன்னிக்கவும். நாலு வரி. ஒரு தப்பு இல்லை. மவுஸ் என் கைக்குக் கீழே இருந்தது.

"அனுப்பாத" என்றேன்.

"ஏன், இங்கிலீஷ் தப்பா?"

"இங்கிலீஷ் சரியா இருக்கு. அனுப்பாத, அருள்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சுரங்கத்தின் இருட்டில் தப்பிய முகம் இங்கே தப்பவில்லை.

"லே ஆஃப் லிஸ்டா?"

"ஆமா."

"எப்ப?"

"திங்கக்கிழம காலைல."

அவன் கை நெஞ்சுக்குப் போனது. பிறகு என் முழங்கையைப் பிடித்தான். "உன் பேரும் இருக்கா?"

"இல்ல."

"அப்பாடா" என்றான். "மாதாவே. உனக்கு ரெண்டு பிள்ளைய படிக்குதுல்ல."

அந்த அப்பாடாவோடு விட்டிருக்கலாம். அவனாகக் கேட்கவில்லை. பெயரை டைரக்டர் கொடுத்தார், இல்லை மேலிடத்தில் கொடுத்தார்கள், என்னமோ ஒன்று என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ஆயுசுக்கும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டும் இருந்திருப்பான். என்னால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

"பேரக் குடுத்தது நான்தான்" என்றேன்.

என் முழங்கையிலிருந்து கையை எடுத்தான். வேகமாக எடுக்கவில்லை. நூலகப் பெண் வந்து, "பத்து நிமிஷம்" என்றார். அருள் அவரிடம் தலையாட்டினான். திரையின் பக்கம் திரும்பி, எழுதியிருந்ததை முழுவதும் அழித்தான். மறுபடி ஒரு விரலால் தட்டத் தொடங்கினான். இந்த முறை பார்த்து எழுதத் தாள் இல்லை, அதனால் நேரம் பிடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். முடித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை. அனுப்பு என்பதை அழுத்தினான்.

இத்தனை வருஷத்தில் நான் படிக்காமல் அவன் அனுப்பிய முதல் கடிதம் அது.

வெளியே வந்து, நேரே மடாலயத்துக்குள் போனான். நான் வாசலில் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை. சுகர் லேண்டில் என்றால் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியிருப்பேன். எதிர்க் கடையில் பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்து, "உள்ளே போகவில்லையா?" என்று சைகையில் கேட்டார். சைக்கிளைக் காட்டினேன்.

அரை மணி கழித்து அருள் வந்தான். கண் சிவந்திருந்தது. மெழுகுவத்திப் புகையாகவும் இருக்கலாம். தன் சைக்கிள் பையைத் திறந்து, அடியில் கை விட்டு, ஒரு மூட்டையை எடுத்தான். அவன் ராத்திரி கட்டும் லுங்கி, நீலக் கட்டம் போட்ட சாரம். அதைப் பிரித்தான். உள்ளே குக்கர். சாரத்தை உதறி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, குக்கரை என் கேரியரில் வைத்தான்.

"இது உன்னோடது. இனிமே நீ சொமந்துக்கோ" என்றான்.

ரப்பர் கயிற்றால் கட்டினேன். பஸ் நிற்கும் இடம்வரை ஒரே இறக்கம், ஒரு வண்டி இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் குக்கர் மூடி தடதடவென்று அடித்தது. அவன் பையிலிருந்து மூன்று நாளாக ஒரு சத்தமும் கேட்டதில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த அருளுக்கு இது கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.